அக்கினி நட்சத்திரமும் வீட்டுப் பூந்தோட்டமும்

சித்திரை பிறந்து இரண்டு கிழமை கழிவதற்குள் திருவண்ணாமலையின் தெருக்கள் பகல் பதினொரு மணிக்கே ஓய்ந்துவிடுகின்றன. வெப்பமானி 40 பாகையை எட்டுவது இங்கே புதிதன்று. 2,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் பாறை மலை, பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் அதைச் சிறிது சிறிதாக ஊரின்மேல் விடுகின்றது. ஆகவே பொழுது சாய்ந்தும் சுவர்கள் ஆறுவதில்லை, காற்றும் குளிர்வதில்லை. குழித்தறியில் அமர்ந்து நெய்யும் அன்பர்கள் காலளவிலேனும் சிறிது குளிர்ச்சியை அறிவர். கழனியில் நிற்கும் அன்பர்களுக்கு அதுவும் இல்லை.

இந்நாட்களில் நம் அங்கத்தினர் எவர் வீட்டுப் புறக்கடைக்குச் சென்றாலும் ஒரே காட்சியைக் காண்கிறோம். மார்கழியிலும் தையிலும் குடம் குடமாய்ப் பூத்த செடிகள் இலை சுருண்டு நிற்கின்றன. கனகாம்பரம் தலை சாய்கின்றது. ரோசா ஒன்றிரண்டு சிறு பூக்களை ஈன்று, அவற்றையும் மாலைக்குள் கருக விடுகின்றது. வீட்டு அம்மையார் ஒரு செம்பு நீருடன் வந்து நின்று, இதை எந்தச் செடிக்கு விடுவது என்று எண்ணிப் பார்க்கின்றார். அந்த ஒரு செம்பு நீரைப் பற்றியதே இக்கட்டுரை.

சென்ற கோடையில் நாம் செய்த பிழை

பிறருக்கு அறிவுரை கூறுமுன் நம் பிழையை ஒப்புக்கொள்வது முறை. சென்ற கோடையில் நம் வீட்டுப் புறக்கடையில் கனகாம்பரச் செடிகள் பன்னிரண்டு இருந்தன. வெயில் ஏறிய நாள்முதல் அவை நண்பகலில் வாடத் தொடங்கின. அதைக் காணப் பொறாமல், நாள்தோறும் நண்பகல் உணவுக்குப் பின் ஒவ்வொன்றுக்கும் அரைச் செம்பு நீர் விட்டு வந்தோம். வைகாசி முடிவில் எஞ்சியவை மூன்றே.

எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் முதிய அம்மையார் ஒருவர் உண்டு. அவரிடம் இதைச் சொல்லி வருந்தினோம். அவர் காய்ந்த செடி ஒன்றைப் பிடுங்கி, வேரை நம் கையில் வைத்தார். வேர் முழுவதும் மேல்மண்ணில் ஒரு சாண் அகலத்துக்குப் படர்ந்திருந்தது. கீழ்நோக்கி இரண்டு விரற்கடைகூட இறங்கவில்லை. “ஐயா, செடிக்குத் தாகமா, உங்க கண்ணுக்குத் தாகமா? மேலாக நனைச்சா வேர் மேலேயே நிக்கும். மேல் மண்ணு வெயில்லே சட்டி மாதிரி சுடுமே!” என்றார்.

அவர் சொல்லில் பயிர்நூல் முழுவதும் அடங்கியிருந்தது. வேர், நீர் இருக்கும் இடத்தை நாடிச் செல்லும் இயல்புடையது. நாள்தோறும் மேலாகச் சிறிது நீர் தெளித்தால் வேர் கீழிறங்குவதில்லை. வெயிலின் முழு வெப்பமும் படும் மேல்மண்ணிலேயே தங்கி வெந்துவிடுகின்றது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஆழ நனையும்படி நீர் விட்டால், அதே அளவு நீரைக்கொண்டு வேரைக் கீழே அழைத்துச் செல்லலாம். அங்கே மண் குளிர்ந்திருக்கும். ஈரமும் நெடுநாள் நிற்கும்.

நண்பகலில் இலை வாடுவதைக் கண்டு அஞ்சவேண்டியதுமில்லை. இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் உள்ளன. அவற்றின் வழியே செடி நீராவியை வெளிவிடுகின்றது. வெயில் மிகும்போது வேர் நீரை உறிஞ்சும் வேகத்தைவிட இலை நீரை இழக்கும் வேகம் மிகுகின்றது. அப்பொழுது செடி அத்துளைகளை மூடிக்கொண்டு, இலையைத் தொங்கவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்கின்றது. நாம் கதவடைத்துப் படுப்பது போன்றதே அது. செடிக்கு உண்மையிலே தாகம் உண்டா என்பதை விடியற்காலையிற் பார்க்கவேண்டும். விடியலில் இலை நிமிர்ந்திருந்தால் நீர் வேண்டியதில்லை. விடியலிலும் வாடியிருந்தால் அன்றே நீர் விடவேண்டும். ஐயம் இருப்பின், ஆட்காட்டி விரலை மண்ணில் இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை.

பூச்செடிக்கு நீர் விடுவது முறையா?

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. அதை மறைத்துவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது. குழாயடியில் குடங்கள் வரிசையாக நிற்கும் காலத்தில், பூச்செடிக்கு நீர் விடுவது முறையா?

திருவண்ணாமலை மழை வளம் அற்ற ஊர் அன்று. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நமக்கு உண்டு. எனினும் தை முதல் வைகாசி வரை வானம் பெரும்பாலும் வறண்டே இருக்கும். 1958-இல் தென்பெண்ணையின் குறுக்கே கட்டி முடிக்கப்பெற்ற சாத்தனூர் அணையிலிருந்து நம் நகருக்குக் குடிநீர் வருகின்றது. அதே அணையின் நீரை நம்பிக் கழனிகளும் இருக்கின்றன. ஆகவே நாம் குழாயில் திறந்துவிடும் ஒவ்வொரு குடமும், எங்கோ ஓர் உழவர் வயலுக்கும் உரிய நீரின் பங்கேயாகும். இதனை உழவரும் நெசவாளரும் ஒருங்கே கூடியுள்ள சங்கத்தில் நாம் மறத்தல் ஆகாது.

ஆதலால் நம் விடை இதுதான்: குடிநீரில் ஒரு செம்பும் பூச்செடிக்கு வேண்டாம், ஆனால் பூச்செடியைச் சாகவிடவும் வேண்டாம். வீட்டில் ஒருமுறை பயன்பட்டுப் புழங்கிய நீரே தோட்டத்துக்குப் போதும். அரிசி களைந்த நீர், பருப்பும் காய்கறியும் கழுவிய நீர், துணி அலசியதில் கடைசி நீர் ஆகியவை நாள்தோறும் சாக்கடையில் செல்கின்றன. ஒரு வீட்டில் இவை நாளொன்றுக்குப் பத்து லிட்டர் என்று கொண்டாலும், மாதத்துக்கு 300 லிட்டர் ஆகின்றது. அளவறிந்து விட்டால் இருபது செடிகளைக் கோடை கடத்த இது போதும்.

சில எச்சரிக்கைகள் வேண்டும். சோப்பும் சோடாவும் மிகுந்த முதல் நீரைச் செடிக்கு விடலாகாது, மண் இறுகிவிடும். மீன் கழுவிய நீரும் உப்பிட்ட நீரும் ஆகா. நெசவாளர் இல்லங்களில் இன்னொன்றும் கருதவேண்டும். சாயத்தொட்டியின் நீரில் காரமும் உப்பும் சாயமும் கலந்திருக்கும். அதைப் பூச்செடிக்கோ கிணற்றடிக்கோ விடுதல் கூடவே கூடாது. இன்று செடியைக் கெடுக்கும் நீர் நாளை கிணற்றையும் கெடுக்கும். பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியை நீர் கலந்து எருக்குழியில் ஊற்றலாம். செடியடியில் ஊற்றினால் எறும்பு கூடும்.

கருவறை காட்டும் வழி

புழங்கிய நீர் சிறிதளவே கிடைக்கும். அதனை வீணாக்காமல் வேருக்குச் சேர்ப்பது எவ்வாறு? இதற்கு நம் ஊர்க் கோயிலிலேயே ஒரு வழி இருக்கின்றது.

மே மாதம் 4-ஆம் நாளை ஒட்டித் தொடங்கி 28-ஆம் நாளை ஒட்டி முடியும் காலத்தை அக்கினி நட்சத்திரம் என்கிறோம். கதிரவன் கார்த்திகை விண்மீனை ஒட்டிச் செல்லும் காலம் அது. கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் தீபம் ஏற்றுவதும் அதே விண்மீன் நாளில்தான். ஐம்பூதத் தலங்களுள் நெருப்புக்கு உரியதான நம் ஊரில், நெருப்பு விண்மீனின் இந்நாட்களில் அண்ணாமலையார்க்குத் தாராபிஷேகம் நடைபெறுகின்றது. இலிங்கத் திருமேனிக்கு மேலே ஒரு பாத்திரம் தொங்கும். அதன் அடியில் ஒரு சிறு துளை. அத்துளை வழியே நறுமண நீர் துளித்துளியாய் இறங்கிக்கொண்டே இருக்கும். குடம் குடமாய் ஒரே நேரத்தில் ஊற்றிவிட்டுப் போவதன்று. வெயிற்பொழுதில் இடைவிடாமல் சொட்டிக்கொண்டிருப்பதே அதன் சிறப்பு.

வழிபாட்டின் பொருளைக் கூற நாம் முற்படவில்லை. அந்தப் பாத்திரத்தின் கணக்கை மட்டும் பார்ப்போம். இருபது துளி சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் ஆகும். நொடிக்கு ஒரு துளி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் சொட்டினால், 86,400 துளிகள். அதாவது நான்கு லிட்டருக்குச் சற்று மேல். நன்கு வளர்ந்த மல்லிகைப் புதர் ஒன்று ஒரு நாளைக் கழிக்க இது தாராளமாகப் போதும். சரியாக மூடாத குழாய் ஒன்று ஒரு நாளில் வீணாக்கும் நீரும் இதே அளவுதான் என்பதையும் அன்பர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

துளி நீர்ப் பாசனத்தின் கதையும் இத்தகைய ஒரு கசிவிலிருந்தே தொடங்கியதாகக் கூறுவர். இசுரேல் நாட்டில் சிம்கா பிளாசு என்னும் நீர்ப்பொறியாளர், சுற்றிலும் இருந்த மரங்களைவிட ஒரு மரம் மட்டும் ஓங்கி வளர்ந்திருப்பதைக் கண்டு காரணம் தேடினார். அதன் வேரருகே குழாய் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. அவர் ஆக்கிய துளிநீர்க் கருவியைச் செய்து பரப்புவதற்கென 1965-இல் அட்சேரிம் என்னும் கூட்டுக் குடியிருப்பில் ஒரு தொழில் நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களும் நம்மைப் போலக் கூட்டாக உழைத்து வாழ்ந்தவர்களே என்பது நம் அங்கத்தினர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பானையும் நூல்திரியும்

வீட்டுத் தோட்டத்துக்கு விலை மிகுந்த குழாய்கள் வேண்டியதில்லை. குயவர் செய்யும் மெருகிடாத மண்பானையே போதும். இரண்டு மூன்று லிட்டர் கொள்ளும் பானையைச் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைக்கவேண்டும். அதில் நீர் நிரப்பி மூடி வைத்தால், மண்சுவரின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேரைச் சேரும். மண் ஈரமாக இருக்கும்போது கசிவு குறையும். மண் காயும்போது கசிவு மிகும். செடியின் தேவையைப் பானையே அறிந்து அளப்பது போன்ற ஏற்பாடு இது. மேல்மண் நனைவதில்லை, ஆகையால் வெயில் குடிக்கும் நீரும் மிகக் குறைவு. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே சீன நாட்டில் ஃபான் செங்சி என்பவரின் உழவு நூல் இவ்வாறு பானை புதைக்கும் முறையைக் கூறியுள்ளது.

பானை வாங்கும்போது நீர் ஊற்றிப் பாருங்கள். வெளிச்சுவர் சிறிது நேரத்தில் வியர்க்கவேண்டும். வியர்க்காத பானை சமையலுக்கு ஆகும், தோட்டத்துக்கு ஆகாது. மூடி மிக இன்றியமையாதது. திறந்த பானையில் கொசு முட்டையிடும். பூவுக்காகக் காய்ச்சலை வீட்டுக்கு அழைத்தல் ஆகாது.

தொட்டிச் செடிகளுக்கு நெசவாளர் இல்லத்திலேயே ஒரு கருவி உண்டு. தறியில் பாவு தீர்ந்தபின் எஞ்சும் பருத்தி நூல்முனைகளைப் பலவாகச் சேர்த்து, சுண்டுவிரல் பருமனுள்ள திரியாக முறுக்குங்கள். பச்சை நூல் நீரைப் பற்றாது என்பதை நெசவாளர்க்குச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே சிறிது சோடா இட்டுக் கொதிக்கவைத்து, நன்றாக அலசிக் காயவிடவேண்டும். பிறகு நீர் நிறைந்த வாளியைத் தொட்டியைவிட உயரமான படிமேல் வைத்து, நனைத்த திரியின் ஒரு முனையை வாளியின் அடியிலும், மறு முனையைத் தொட்டி மண்ணில் மூன்று அங்குல ஆழத்திலும் இருத்தவேண்டும். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் நூல் நீரை இழுத்துச் செல்லும். ஒரே வாளியிலிருந்து நான்கைந்து தொட்டிகளுக்குத் திரி விடலாம். திருமணத்துக்கு வெளியூர் சென்று நான்கு நாள் கழித்து வரும் குடும்பத்துக்கு இது பெரும் உதவி. பட்டு நூலும் செயற்கை இழையும் இதற்கு ஆகா, பருத்தியே வேண்டும்.

மண்ணுக்கு ஒரு போர்வை

நீர் விடுவது ஒரு பாதி. விட்ட நீரைக் காப்பது மறு பாதி. வெறும் மண் வெயிலுக்கு முன் நிற்பது, திறந்த பாத்திரத்தில் நீரை வைத்து அடுப்பில் ஏற்றுவது போன்றது. மண்ணின்மேல் மூன்று அங்குல கனத்துக்கு மூடாக்கு இட்டால் ஈரம் பல நாள் நிற்கும், மண்ணும் சூடேறாது, களையும் முளைக்காது.

மூடாக்குக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. மல்லாட்டை என்று நம்மவர் வழங்கும் வேர்க்கடலை, திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும் பயிர்களுள் ஒன்று. அதன் தோல் இலேசானது; காற்றோட்டம் தருவது; மட்கினால் எருவாவது. கரும்புச் சோகை, வைக்கோல், உதிர்ந்த வேப்பிலை ஆகியவையும் நன்று. மூடாக்கைத் தண்டோடு ஒட்டி இடாமல் நான்கு விரற்கடை இடம் விடவேண்டும். இல்லையேல் தண்டு அழுகும், கறையானும் ஏறும்.

நெசவாளரிடம் நூல் மிஞ்சுகின்றது. உழவரிடம் கடலைத் தோல் மிஞ்சுகின்றது. ஒருவர் தூக்கி எறிவது மற்றவர் தோட்டத்துக்கு உயிர். இருவரும் ஒரே சங்கத்தில் இருக்கும்போது இவ்விரண்டும் இடம் மாறுவதற்கு என்ன தடை? வாரத்துக்கு ஒரு நாள், சங்கக் கட்டடத்தின் ஒரு மூலையில் ஒரு சாக்குத் தோலும் ஒரு கட்டு நூலும் கைமாறினால், இரு தரப்பாரின் வீட்டிலும் செடி பிழைக்கும்.

தொட்டிகளைப் பற்றி ஒரு சொல். கறுப்பு நெகிழித் தொட்டியும் சிமெண்டுத் தொட்டியும் வெயிலில் வேரைச் சுட்டுவிடும். மொட்டைமாடியில் உள்ளவற்றைக் கீழே இறக்குங்கள். இறக்க இயலாவிடில் நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். ஒன்றன் நிழல் மற்றொன்றுக்கு ஆகும். வெளிப்புறத்தில் சுண்ணாம்பு அடித்தால் வெப்பம் குறையும். மேற்குப் பக்கத்தில் பழைய பருத்திப் புடைவை ஒன்றைக் கட்டினால், நண்பகல் முதல் நான்கு மணி வரை உள்ள கொடிய வெயில் தணியும். சுமக்க முடியாத விலையில் நிழல்வலை வாங்கவேண்டுவதில்லை.

எச்செடிக்கு எது முறை?

எல்லாச் செடியையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது.

குண்டுமல்லிக்குக் கோடையே பருவம். கார்த்திகையில் கவாத்துச் செய்த புதர், மாசி முதல் ஆனி வரை பூக்கும். அதற்கு வெயில் வேண்டும். வேரில் ஈரமும் வேண்டும். ஆகவே கிடைக்கும் நீரில் முதற்பங்கு மல்லிக்கே.

கனகாம்பரம் அரைநிழல் விரும்பும். அதைச் சுவரின் கிழக்குப் பக்கத்திலோ, முருங்கை அகத்தியின் நிழலிலோ வைத்தல் நன்று. இரண்டாம் பங்கு நீர் இதற்கு.

சாமந்தி குறும்பகல் காலத்தில் பூக்கும் இனம். கோடையில் அதனிடம் பூ எதிர்பார்ப்பது வீண். தாய்ச்செடியின் அடியில் எழும் கன்றுகள் உயிரோடிருந்தால் போதும். நிழலில் வைத்துச் சிறிது ஈரம் காட்டினால் ஆவணிக்குப் பின் அவை உங்கள் அன்பைத் திருப்பித் தரும்.

ரோசாவைக் கோடையில் கவாத்துச் செய்யலாகாது. இலைகளே தண்டுக்குக் குடை. மெலிந்த செடியில் மொட்டு வந்தால், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள். வறண்ட வெப்பத்தில் செம்பேன் பெருகும்; விடியற்காலையில் இலையின் அடிப்புறத்தை நீரால் அலம்பினால் அது குறையும்.

அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, சங்குபுட்பம், வாடாமல்லி, பத்துமணிப் பூ ஆகியவை வறட்சியைத் தாங்குவன. புதிதாகத் தோட்டம் போடுவோர் இவற்றைக்கொண்டு தொடங்கலாம். அரளியில் நஞ்சு உண்டு. ஆடு மாடு கட்டும் இடத்தருகே அதனை வைக்கவேண்டாம்.

கோடையில் எச்செடிக்கும் யூரியா போன்ற உரங்களை இடுதல் கூடாது. நீர் குறைந்த மண்ணில் உரத்தின் உப்பு வேரை எரிக்கும். பட்டினி கிடப்பவனுக்கு முதலில் கஞ்சி, பிறகுதான் விருந்து.

நடும் காலம், காக்கும் காலம்

மலைச்சரிவுகள் ஒரு காலத்தில் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் இரையாகி, பெரிதும் மொட்டையாய்க் கிடந்தன. 1980-களின் இறுதியில் அண்ணாமலை மரவளர்ப்புக் கழகம் போன்ற அமைப்புகள் அங்கே மரம் வளர்க்கும் பணியைத் தொடங்கின. பின்னரும் பலர் அதில் கைகொடுத்தனர். இன்று மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடப்போர் சரிவுகளில் பசுமையைக் காண்கின்றனர். அப்பணியில் ஒரு பாடம் உண்டு. மழையோடு கன்று நடுகின்றனர், கோடையில் நடுவதில்லை. கோடை முழுவதும் காட்டுத்தீ பரவாதபடி இடைவெளி வெட்டி, நட்டதைக் காப்பதே வேலை. மழைக்காலம் நடும் காலம். கோடை காக்கும் காலம். வீட்டுத் தோட்டத்துக்கும் இதுவே விதி. சித்திரையில் புதுக்கன்று வாங்கி வந்து நட்டுவிட்டு, அது காய்ந்தபின் தம் கையில் இராசி இல்லை என்று வருந்துவோர் பலர். குறை கையில் இல்லை, காலத்தில் உள்ளது.

இடையில் ஒரு கோடைமழை வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூரையின் ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த குழாய்களைச் சித்திரைக்கு முன்பே அடைப்பு நீக்கி வைத்தால், அந்த நீர் தொட்டிக்கும் நிலத்துக்கும் வந்து சேரும்.

மகிழமரம்

அண்ணாமலையார் கோயிலின் தலமரம் மகிழம். சித்திரையில் பத்து நாள் வசந்த உற்சவம் நிகழும்போது சுவாமி இம்மரத்தை வலம் வருவதும், பொம்மை ஒன்று பூச்சொரிவதும் நம் ஊரார் கண்டு மகிழும் காட்சி. மகிழமரம் கோடையிலும் இலை உதிர்க்காமல் அடர்ந்து நிழல் தரும். அதன் பூவைப் பறிக்க ஏணி வேண்டாம், தானே உதிரும், விடியலில் குனிந்து பொறுக்கிக்கொள்ளலாம். வாடிய பின்னும் மணம் போகாது.

பறிப்பதைப் பற்றி இவ்வூரில் நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வருகின்றது. இரமண மகரிஷியின் அடியவரான எச்சம்மாள் ஒருமுறை இலட்சம் இலைகளால் வழிபாடு செய்வதாக உறுதி பூண்டார். பாதியளவு முடிந்தபோது கோடை வந்தது, இலை கிடைக்கவில்லை. அவர் மகரிஷியிடம் சென்று முறையிட்டார். இலை இல்லையென்றால் தம் உடலையே கிள்ளிக் கிள்ளி வழிபடலாமே என்றார் மகரிஷி. அது வலிக்குமே என்று அம்மையார் திகைத்தார். மரத்துக்கும் அவ்வாறே வலிக்காதா என்று மகரிஷி திருப்பிக் கேட்டார். இதை முன்பே சொல்லக்கூடாதா என்று அம்மையார் வருந்த, தன் உடல் வலிக்கும் என்று அறிந்தவர்க்கு மரத்தின் வலியை ஒருவர் சொல்லவும் வேண்டுமோ என்பதே விடையாக வந்ததாம். இச்செய்தியைச் சூரி நாகம்மாள் தம் கடிதங்களில் எழுதி வைத்துள்ளார்.

கோடையில் துளசியை மொட்டையடித்தும், மெலிந்த செடியில் கடைசி மொட்டு வரை பறித்தும் பழகிய நம் கைகள் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். ஆண்டு முழுவதும் நமக்குத் தந்த செடி, இந்த இரண்டு திங்கள் மட்டும் நம்மிடம் கேட்கின்றது. அது கேட்பதும் குடிநீரை அன்று. நாம் கழுவிக் கொட்டும் நீரையே.

நம் சங்கத்து அன்பர்கள் இக்கோடையில் ஆளுக்கு ஒரு பானை புதைக்கவேண்டும். நெசவாளர் நூல் தரவேண்டும். உழவர் தோல் தரவேண்டும். ஊருக்குச் செல்பவரின் செடியை அடுத்த வீட்டார் பார்த்துக்கொள்ளவேண்டும். ஐப்பசி மழையில், தெருவுக்கு ஒன்றாக, இடமுள்ள இடத்தில் ஒரு மகிழங்கன்று நடவேண்டும். அம்மரம் பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அந்தப் பூவை நம் பிள்ளைகள் பொறுக்குவார்கள்.

நம் வீட்டில் எஞ்சிய மூன்று கனகாம்பரச் செடிகளின் அருகிலும் இவ்வாண்டு மூன்று பானைகள் புதைந்திருக்கின்றன. பூக்கட்டும் அம்மையார் நேற்று வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூடியைத் திறந்து நீர் இருக்கின்றதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சென்றார்.